மூன்று நிறத் தீக்குச்சிகள்

சிவகாசி,
9.2.1998

அன்புள்ள மதினிக்கு,

பூவனநாதன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்காலுக்குக் கொடுத்தனுப்பிய தைலம் கேட்கிறதா? வீட்டில் சுகுணாவும் உங்களை விசாரித்தாள்.

ஈரோட்டு வியாபாரி ஒரு பண்டலைத் திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்தால் சிவப்பு மருந்துக் குச்சி, பச்சை மருந்துக் குச்சி, மருந்தே முக்காத வெறும் குச்சி எல்லாம் கலந்து கிடக்கிறது. நம் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் மானேஜர் வன்னியபெருமாளை விசாரித்தேன். நாலரைக்கு வேலை முடிந்து ஐந்தரைக்கு ஆபீஸ் பஸ் புறப்படும்வரை, லேபிள் அறையில் பொம்பளைகளுக்கு நீங்கள் இங்கிலீஷ் நடத்துகிறீர்களாம். அந்தக் குச்சிகள் பாடத்துக்காம்.

அண்ணன் இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா? குச்சி அடைக்கிற கைக்கு இங்கிலீஷ் எதற்கு? இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். எழுபத்தொரு வயதில் உங்களுக்கும் ஓய்வு வேண்டும்.

உங்கள் கொழுந்தன்,
பூவனநாதன்


கோவில்பட்டி,
13.2.1998

அன்புள்ள தம்பி பூவனநாதனுக்கு,

தைலம் வீடு முழுக்க மணக்கிறது. வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நினைத்து அனுப்பியதற்கு நன்றி.

குச்சி கலந்தது எங்கள் தவறுதான். நடந்ததைச் சொல்கிறேன். தரையில் சாக்பீஸால் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் எழுதுவேன். பெயர்ச்சொல்லுக்குக் கீழே சிவப்புக் குச்சி வைக்க வேண்டும். அதன் தன்மையைச் சொல்லும் பெயரடைக்குப் பச்சை. பெயரின் இடத்தில் வந்து உட்காரும் 'ஷீ', 'தே' போன்ற பிரதிப்பெயருக்கு வெறும் குச்சி. பாடம் முடிந்ததும் குச்சிகளை அள்ளுவார்கள். பதினைந்து வருடம் பழகிய கை, பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டிகளில் தானாக அடைத்து மூடி, பண்டலிலும் வைத்துவிட்டது. வாய் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, கை உங்கள் வேலையைப் பார்த்திருக்கிறது. இப்படிப்பட்ட கைகளை ஏசுகிறீர்கள்.

இவர்களில் கழுகுமலைப் பக்கத்து மாடத்தி ஏப்ரலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதுகிறாள். பாஸானால் ஊர் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடுவாள். மற்ற பாடங்கள் முடிந்துவிட்டன. இங்கிலீஷ் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் அந்த வேலைக்கு வயது தாண்டிவிடும்.

போன வாரம் 'ஓனர்', அதாவது முதலாளி, என்ற சொல்லுக்கு அவள் பச்சைக் குச்சி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "அது பேரா அம்மா? கொணம்லா" என்றாள். அவள் விடையைத் தவறு என்றுதான் திருத்தினேன், அரைமனதோடு.

அண்ணன் இருந்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இல்லை. நான் இருக்கிறேன். வகுப்பு நிற்காது.

அன்புடன்,
சுந்தரேஸ்வரி


சிவகாசி,
20.2.1998

மதினிக்கு,

மன்னிக்கவும், எனக்கு வேறு வழி தெரியவில்லை. திங்கள் முதல் லேபிள் அறை பூட்டியிருக்கும். பஸ்ஸும் நாலரைக்கே புறப்படும், ஒரு நிமிடம் பிந்தாது.

இத்துடன் இங்கிலீஷில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வழக்கமான உறுதிமொழிதான். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். இதோடு மனக்கசப்பை விட்டுவிடுவோம்.

பூவனநாதன்


கோவில்பட்டி,
3.3.1998

பூவனநாதன் அவர்களுக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தியிருக்கிறேன். கையெழுத்து ஒன்றும் இல்லை.

நானாக அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. அறை பூட்டும் முன் கடைசி நாளில் தாளைத் தரையில் விரித்து, குச்சிகளைக் கொடுத்தேன். பச்சைக் குச்சிகள் சுலபமாக விழுந்தன: விசுவாசமான, திருப்தியான, வழக்கமான. வெறும் குச்சிகள் வரிசையாக நின்றன. பொருள்களின் பெயர்கள் போக, சிவப்புக் குச்சி உங்கள் பெயருக்கும் ஆபீஸின் பெயருக்கும் கீழே விழுந்தது. ஆள் பெயர் வேறு எதுவும் இல்லை.

மாடத்தி ஒரு வெறும் குச்சியைத் தொட்டு, "இந்த 'தே' யாரு அம்மா?" என்று கேட்டாள். "நீங்க எல்லாரும்தான்" என்றேன். 'தே' என்ன செய்ய மாட்டார்களாம் என்று கேட்டாள். இந்த வருடம் முடியும்வரை வேறு வேலைக்கு மனுப் போட மாட்டார்கள் என்று வாசித்தேன்.

அவள் அந்த வெறும் குச்சியைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "நாங்கதாம்னா எங்க பேரப் போட்டு எழுதட்டும். ஆளு ஆளா நேருல கேக்கட்டும். கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட வச்சிரலாம்னு நெனச்சுட்டாவ போல."

வகுப்பில் இருந்த பதினோரு பேரும் கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டார்கள். இதை என் கையால் வாங்கிக் கொடுக்கச் சொன்னீர்களே, அதுதான் ஆறவில்லை. உங்கள் அண்ணன் போனதிலிருந்து ஒன்பது வருடமாக நீங்கள் கொண்டுவந்த தாள்களில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொழுந்தன் நீட்டும் தாளைப் படித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். கான்வென்டில் படித்தவள் செய்கிற காரியமா அது? இனி எதை அனுப்பினாலும் படித்துவிட்டுத்தான் பதில்.

வகுப்பு நடக்கிறது. பஸ் நாலரைக்குப் புறப்படும் என்றீர்கள். நாலு இருபத்தைந்துக்கே ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் நாள் டிரைவர் இசக்கியப்பன், "மொதலாளி ஏசுவாவளே அம்மா" என்று தயங்கினார். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பஸ்ஸை வாங்கும்போது உங்கள் அண்ணன் என் பெயரில்தான் வாங்கினார். அதில் சுந்தரேஸ்வரி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இசக்கியப்பன் வண்டியை எடுத்துவிட்டார்.

ஓடுகிற பஸ்ஸில் குச்சி நிற்காது. அதனால் ஜன்னல் வழியாகத் தெரிவதையெல்லாம் இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். கறுப்பு மண், காய்ந்த பருத்திமார், ஒற்றைப் பனை. இரண்டு நாளாக இசக்கியப்பனும் சொல்கிறார், பாதி தப்பு. கழுகுமலையில் இறங்கி, சங்கரன்கோவிலிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வருகிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. தைலம் அனுப்ப வேண்டாம்.

மாடத்தி தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள். ஹால் டிக்கெட் வந்ததும் அங்கன்வாடி மனுவையும் எழுதுவோம். அதில் அவள் பெயரை அவளே எழுதுவாள்.

நேரில் பேச வேண்டுமென்றால் நாலு மணிக்கு முன்னால் வாருங்கள். அதற்குப் பிறகு எனக்கு வேலை இருக்கிறது.

சுந்தரேஸ்வரி