விலாவுக்குக் கீழே

திருவொற்றியூர்
8.9.2025

அன்புள்ள குணாவுக்கு,

கட்டின புருஷன் நம்பரையே பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் தபால். வியாசர்பாடியில் உன் அண்ணனும் அண்ணியும் சௌக்கியமா?

ஒரு நல்ல செய்தி. எனக்கு வியாதி இருக்கிறது! எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றுமில்லை என்று வந்ததே, புது டாக்டர் பெயரே சொல்லிவிட்டார். ஹைப்போகாண்ட்ரியா. போனில் தேடிப் படித்தேன். கிரேக்கச் சொல்லாம். ‘ஹைப்போ’ என்றால் கீழே, ‘காண்ட்ரோஸ்’ என்றால் நெஞ்சுக் குருத்தெலும்பு. விலாவுக்குக் கீழே, கல்லீரலும் மண்ணீரலும் இருக்கும் இடம். காரணமில்லாத துக்கமும் பயமும் அங்கேதான் ஊறுகின்றன என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்களாம். பிறகு, இல்லாத நோயை நினைத்துப் பயப்படுவதற்கே அது பெயராகிவிட்டது. நாம் மட்டும் என்ன? பித்தம் தலைக்கேறினால் பித்தன் என்கிறோம். பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம்.

“நோய்தான் இல்ல, உங்க பயம் நிஜம்” என்றார் டாக்டர். ஆக, நான் நடிக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிடு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நாளெல்லாம் லோடு ஏற்றிவிட்டு வந்து நானே பொங்கித் தின்று நாக்கு செத்துவிட்டது. நேற்றிலிருந்து இடது கை வேறு மரத்துப் போகிறது.

உன்
ரகுபதி


வியாசர்பாடி
15.9.2025

மாமாவுக்கு,

நடிக்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் பயம் நிஜம் என்று எனக்கு டாக்டர் சொல்ல வேண்டுமா? உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்!

என் கோபம் வேறு. போன வருஷம் மீன் கழுவும்போது, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றேன். “எனுக்கும் அங்கதான் குணா குத்திகினுகீது” என்றீர்கள். ஆட்டோ பிடித்துப் போய் உங்களுக்கு ஸ்கேன் எடுத்தோம். இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் உங்களுக்குத்தான் வலி வந்தது. அதன் பிறகு நான் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் நோயாளி என்றால் நீங்கள் ஒருவர்தான்.

இங்கே வந்த பிறகு, போன மாதம் எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். கல் அடைத்துச் சீழ் வைத்துவிட்டது. பிழைத்ததே பெரிது என்றார்கள். அண்ணிதான் கையெழுத்துப் போட்டார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள்மேல் பாசம் போகவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அதுகூட முடியாதென்றால், இனி எழுதவே வேண்டாம்.

குணசுந்தரி


திருவொற்றியூர்
18.9.2025

என் உயிர் குணாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். நான் மனுஷனே இல்லை. எப்படி இருக்கிறாய், கண்ணு? தையல் பிரித்தார்களா? சோறு இறங்குகிறதா? எண்ணெய்ப் பலகாரம் தொடாதே. கனமான குடம் தூக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு வந்து நிற்கிறேன். பார்த்தாயா, நீ கேட்டபடியே என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன்
ரகுபதி

பி.கு.: தப்பாக நினைக்காதே. பித்தப்பையில் கல் என்றால் வலி முதுகுவரைக்கும் இழுக்குமா? உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அப்படித்தான் இழுக்கிறது. உனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பெயரை மட்டும் உடனே எழுது.