மில் வாசலில் பேண்டு

பிளாக்ஷா, 2 மார்ச் 1854

அன்புள்ள அண்ணன் ஜேபஸுக்கு,

போட்டியில் உங்கள் மில் பேண்டுக்கு முதல் பரிசாமே! எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் கார்னெட் ஊதலுக்காகவே மலைக்கு அந்தப் பக்கத்து முதலாளி கிடங்கில் வேலையும் வீடும் கொடுத்துக் கூட்டிப்போனார். போனவன் எங்களை மறந்துவிட்டாய்.

இங்கே வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு வாரம். ஓட்ஸ் கஞ்சிதான், அதுவும் ஒரு வேளை. கூலியைக் குறைத்த முதலாளி இப்போது வெளியூர் ஆட்களை உள்ளே விடப்போகிறாராம். "வரட்டும். நாம போடற கூச்சல்ல வந்த வழியே ஓடிருவானுங்க" என்கிறார் என் வீட்டுக்காரர் ஆமோஸ். உன்னைப் பற்றிப் பேசாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

உன் தங்கை,
கெசியா

ஹேதர்டன், 9 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை உங்கள் மில் வாசலில் எங்கள் பேண்டு வாசிக்கப்போகிறது. இரண்டு முதலாளிகளும் பேசிவைத்த ஏற்பாடு. உங்கள் கூச்சல் புது ஆட்களின் காதில் விழக் கூடாதாம்.

மாட்டேன் என்றேன். "அப்போ கார்னெட்டக் கீழ வை. வீட்டுச் சாவியையும் வச்சிட்டுப் போ" என்றார் மேலாளர். ஹன்னாவுக்கு இது நிறைமாதம். அவளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்? நீயும் ஆமோஸும் அன்றைக்கு வெளியே வராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
ஜேபஸ்

பிளாக்ஷா, 15 மார்ச்

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆமோஸ் சிரித்தார். "மச்சான் வாசிச்சுக் கேட்டு எத்தன நாளாச்சு, கெளம்புடி" என்றார். போனோம். சிவப்புக் கோட்டில் முன்வரிசையில் நின்றாய். பாவி, நன்றாகத்தான் வாசித்தாய்.

பாலத்துப் பக்கமிருந்து குதிரைப்படை வந்ததை மில்லுக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலில் நின்ற மார்த்தா பார்த்திருக்கிறாள். தொண்டை கிழியக் கத்தினாளாம். எங்கள் காதில் உங்கள் பேண்டைத் தவிர எதுவும் விழவில்லை. ஆமோஸ் குதிரைகளின் காலடியில் சிக்கினார். நேற்று உயிர் போய்விட்டது.

ஒன்று மட்டும் சொல். நாங்கள் வாசலைப் பார்த்து நின்றோம். நீ எங்களைப் பார்த்து நின்றாய். குதிரைகள் வந்ததைப் பார்த்தாயா?

கெசியா

ஹேதர்டன், 17 மார்ச்

என் கெசியாவுக்கு,

அழுது அழுது ஓய்ந்துவிட்டேன். ஆமோஸும் ஒரு காலத்தில் ஊர் பேண்டில் மேளம் அடித்தவர். பேண்டில் வாசித்தவரைக் கல்லறைக்குப் பேண்டோடு அனுப்புவதுதானே நம் வழக்கம்? எங்கள் ஆட்கள் எல்லோரும் வருகிறோம். மேலாளரே சம்மதித்துவிட்டார், கூலியில் பிடிக்க மாட்டாராம். ஆமோஸுக்குப் பிடித்த பாட்டையே வாசிக்கிறேன். அடக்கம் எப்போது என்று மட்டும் எழுது.

என்றும் உன் அண்ணன்,
ஜேபஸ்

பிளாக்ஷா, 20 மார்ச்

ஜேபஸ்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

ஹன்னாவுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். குழந்தையைக் காட்டவென்று இங்கே வராதே.

சனிக்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது. பேண்டு வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. கல்லறை வரைக்கும் மரச்செருப்புகளின் சத்தம் மட்டும்தான். எனக்குப் பின்னால் யார் யார் வருகிறார்கள் என்று அன்றைக்கு நன்றாகக் கேட்டது.

கெசியா ஹோல்டன்