நீ எந்த நாளில் தூங்கப் பழகினாய்

தெமாங்கோங்,
ஞாயிறு காலை

அன்பு மகள் வெனிங்குக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், தெருவெல்லாம் புகையிலை காய்வதால் எனக்கு மட்டும் வழக்கமான தும்மல். நகோயாவில் நீயும் மாப்பிள்ளை பக்யோவும் பேரன் தமாரும் சுகமென்று நம்புகிறேன். "அப்பா, நான் எப்போப்பா பால் குடிக்காம தனியாத் தூங்கப் பழகினேன்?" என்று போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம். முதியோர் இல்லத்தில் அடுத்த மாதம் உனக்கு இரவுப் பணி, தமாரோ மார்பை எடுத்தால் விழித்துக்கொள்கிறான், பக்யோ தூக்கினால் கதவைப் பார்த்துக் கத்துகிறான், இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்றாயே, அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அம்மாவைக் கேட்டேன். "மார்புல சீந்தில் சாறு தடவினேன், ரெண்டே நாள்ல விட்டுட்டா, அதையே செய்யச் சொல்லுங்க" என்கிறாள். எனக்கு நினைவிருப்பது வேறு. நீ கசப்பைத் துப்பினாய், ஈரத்துணியை நீயே இழுத்து வந்து துடைத்தாய், பிறகு நிம்மதியாகக் குடித்தாய். நீ என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கப் பழகினாய் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, காதைப் பிடிச்சா நீங்கதான் தூங்குவீங்க, அது முழிச்சுக்கிட்டு விளையாடும்" என்று சிரிக்கிறாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். தனியாக என்ற சொல்லே எனக்குப் பிடிபடவில்லை, நம் வீட்டில் யார் தனியாகப் படுத்தோம், ஒரே மெத்தையில்தானே எல்லோரும்.

பள்ளியில் நான் பாடம் நடத்தும் ஒன்றாம் வகுப்பில் எழுதப் பழகும் பிள்ளையின் கையை முதலில் முழுதாகப் பிடிப்பேன், பிறகு மணிக்கட்டை மட்டும், பிறகு பலகையின் ஓரத்தில் என் விரல் இருந்தால் போதும். ஒருநாள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன், இவன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பான். எந்த நாளில் கற்றான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உன் விஷயமும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நீ சின்ன வயதில் கட்டிக்கொண்டு படுத்த குலிங்கை, அந்த உருட்டுத் தலையணையை, அம்மா தமாருக்கு அனுப்பினாளே, மாப்பிள்ளை அதன் உறையைத் துவைத்துவிட்டார் என்று கேட்டதும் அவளுக்கு ஒரே கோபம். "பொடி போட்டா தொவச்சான்? பொண்ணோட வாசமே போச்சே" என்றாள். இத்தனை வருஷம் அலமாரியில் கிடந்ததில் இருந்தது பாச்சை உருண்டை வாசம்தான், பக்யோவைத் திட்டாதே. தமாருக்கு வேண்டியது இன்றைய உன் வாசம்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காலுறை போட மறக்காதே. வேலையும் நிலைக்கட்டும், பிள்ளையும் நிறையத் தூங்கட்டும், இறைவன் உங்கள் மூவரையும் காக்கட்டும். சீந்தில் சாறு வேண்டாம், அம்மாவிடம் தடவியதாகச் சொல்லிக்கொள். நாளை மதியத் தூக்கத்தில் இதை மட்டும் செய்து பார். நீ உடுத்திய பத்திக் துணியைத் துவைக்காமல் குலிங்கில் சுற்றிவை, அவன் வயிறு நிறையக் குடித்ததும், கண் சொருகும் முன்பே மார்பை எடுத்து அதை அவன் கையில் கொடு, அழுதால் தூக்கிக்கொள், அழாவிட்டால் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

உன் அப்பா,
சுதார்மோ