இடது கைக்கு ஒரு ரிமோட்

திங்கள், மார்ச் 10

மாலையில் இடி மழை. காலை ஷிப்ட். நீலாய் டவுனிலிருந்து பாக்டரி பஸ் தாமதம். வீடு சேர ஆறரை.

என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். முப்பது வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டிய வலது கை அசைவதே இல்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது.

அலமாரி மேலிருந்த பெட்டியைக் காட்டினார். படுக்கையில் விழும் முன் ஆசையாக வாங்கிய ரிமோட் விமானம். அவருக்கு முதல் விமானம். பிரிக்கவே இல்லை.

"நீ... மாட்டு."

மறுக்கத் தெம்பில்லை.

செவ்வாய், 11

சாப்பாட்டு மேசையில்: மோட்டார். பேட்டரி. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர். இறக்கையையும் வாலையும் அசைக்கும் குட்டி செர்வோ மோட்டார்கள், நான்கு. எங்கு பார்த்தாலும் வயர்.

பகல் முழுக்க பாக்டரியில் பூதக்கண்ணாடி வழியே சர்க்யூட் பார்த்த கண். வீட்டிலும் அதே வேலை.

கையேட்டுப் படத்தைப் பார்த்து, எந்த வயர் எங்கே என்று செ. இடது கையால் தொட்டுக் காட்டினார். வால் வயரை மாற்றிச் செருகிவிட்டேன். மேசையில் ஓங்கித் தட்டினார்.

"இல்ல... இல்ல!"

"நான் என்னா உங்க கையா? என் கையும் ஓஞ்சு போச்சுலா!"

சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து படுக்கப் போய்விட்டார்.

புதன், 12

செ. மேசைப் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமி போனில் யாரிடமோ: "மனுசனுக்குக் கையே வரல, இதுல பிளேன் வேற."

தனியாகவே மாட்டினேன். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரி. ரிசீவரில் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி, நிலையாக நின்றது. ரிமோட்டிலுள்ள குச்சியை அசைத்தேன். 'ஜிக்'கென்று வால் ஆடியது. சத்தம் கேட்டு செ. கதவைப் பிடித்தபடி வந்து நின்றார்.

ரிமோட்டை அவர் மடியில் வைத்தேன். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. விமானத்தைத் திருப்புவது வலது குச்சி. இடது குச்சி வேகத்துக்கு.

"வித்துடு," என்றார்.

வியாழன், 13

பஸ்ஸில் தூங்காமல் கையேடு படித்தேன். குச்சிகளின் வேலையை மெனுவில் இடம் மாற்றலாம். அது மட்டும் போதாது. பின்மூடியைத் திறந்து, குச்சியை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

மாற்றினேன். ஸ்பிரிங் இருமுறை தெறித்து ஓடியது. மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடி முழங்கால் போச்சு. செ.யிடம் சொல்லவில்லை. பலிக்காவிட்டால்?

வெள்ளி, 14

பலித்தது. ஆனால் இடது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு மேலே எழ வேண்டும். கீழே போனது. அப்படியே பறக்க விட்டிருந்தால் நேராக மண்ணில்தான். மெனுவில் திசையைத் திருப்பினேன்.

செ. தள்ளிப் பார்த்தார். மறுபடி. மறுபடி. சோறு அடிபிடித்துவிட்டது.

"வேகம்... யாரு?"

"நான்தாங்க. உங்க வலப்பக்கம் நிக்கிறேன்."

சனி, 15

ஓவர்டைம். ஒன்றும் செய்யவில்லை. வந்து பார்த்தால், பேட்டரியை ஒரே கையால் முன்னே நகர்த்திக் கட்டி வைத்திருக்கிறார். எடை சமமா என்று பார்க்க இறக்கையடியில் இரண்டு விரல் கொடுத்துத் தாங்கினேன். மூக்கு லேசாகத் தாழ்கிறது. கையேட்டிலும் அப்படித்தான். சரிதான்.

ஞாயிறு, 16

காலை வெயில், காற்றில்லை. எஸ்டேட் திடல். ஆஸ்பத்திரி தவிர செ. வாசல் தாண்டியது இன்றுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், மடியில் ரிமோட். நான் குனிந்து வலது குச்சியில் கட்டைவிரல். இடுப்பு விட்டுப்போனது.

"கூட்டு."

தள்ளினேன். புல்லில் குதித்துக் குதித்து ஓடி, எழுந்தது. செம்பனை மட்டைகளுக்கு மேல் போனதும் பயத்தில் விரலை இழுத்துவிட்டேன். மூக்கு தொங்கியது.

"கூட்டு கூட்டு கூட்டு!"

திணறாமல் வந்த சொற்கள். கூட்டினேன். இடது கையால் பெரிய வட்டம் ஒன்று அடித்தார். இறங்கும்போது மோதி ஒரு சக்கரம் பிய்ந்தது.

எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் முகம் கோணியிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"இன்னொரு... தடவ."

"முடியலங்க. காலு கடுக்குது."

"அப்ப... உக்காரு புள்ள."

புல்லெல்லாம் ஈரம். உட்கார்ந்தேன்.