சகலைக்குப் போட்ட நாற்காலி

குத்தாயிசி,
ஜனவரி 2016

அன்புத் தங்கை எதேரிக்கு,

லமாரா அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் உன் அத்தான் தெங்கிஸுக்கு முதலில் சூடாக ஏதாவது கொடு. பையில் பாலாடைக்கட்டி இருக்கிறது. நசுங்கியிருந்தால் என்னைத் திட்டாதே.

நீ தொலைபேசியில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் உக்ரைனில் பழைய போலீஸ்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரித்து, தேறினால்தான் வேலை என்கிறார்கள். உன் வீட்டுக்காரர் போஹ்தானோ, "நேத்துப் பொறந்த பசங்க என்னைக் கேள்வி கேக்குறதா? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்று குதிக்கிறாராம். வியாழக்கிழமை விசாரணை. அதுவரை அவரை எதிலும் கையெழுத்துப் போட விடாதே.

எங்கள் ஜார்ஜியாவில் நடந்தது உனக்குத் தெரியும். சாலைப் போலீஸ் மொத்தத்தையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். லஞ்சம் வாங்கினவன், வாங்காதவன் என்று பார்க்கவில்லை. அந்தப் போலீஸில் இருந்த உன் அத்தான் வாங்காதவர். அதற்காகக் கூட வேலை செய்தவர்களே "என்ன சாமியாரே" என்று கிண்டலடித்தார்கள். கடைசியில் அவர்களோடு சேர்ந்தே வெளியே வந்தார்.

அதன்பின் இங்கே சாலையில் யாரும் கை நீட்டுவதில்லை, உண்மைதான். இவரே சொல்வார்: "சரியாத்தான் செஞ்சாங்க லமாரா. ஒவ்வொருத்தனா விசாரிச்சிருந்தா இன்னும் விசாரிச்சுக்கிட்டே இருப்பாங்க." சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாடு நன்றாக இருக்கட்டும், என் புருஷனை ஏன் திருடர்கள் வரிசையில் நிறுத்தினார்கள்? பக்கத்து வீட்டு மாக்வாலா எங்கள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே, "அப்போ நல்லாத்தானே சம்பாதிச்சிருப்பீங்க" என்கிறாள். இவர் சிரித்துக்கொண்டு அவளுக்கு ஒயின் ஊற்றுகிறார்.

உன் செய்தியைச் சொன்னதும் இவர், "சகலைக்கு நாற்காலி போட்டுக் கேக்குறாங்க. அதைப் போய் வேணாங்குறானா?" என்றார். பெட்டியை எடுத்துவிட்டார். சந்தைக்குக்கூட நான் பிடித்துத் தள்ள வேண்டிய மனிதர்!

தேறுவாரோ மாட்டாரோ, போஹ்தான் போய் உட்காரட்டும். வாய் இருக்கிறது, பதில் சொல்லட்டும். இவர் வெளியே காத்து நிற்பார். குளிருகிறது, வீட்டில் இருங்கள் என்று தடுக்காதே.

கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும். விசாரணை முடிந்து வந்ததும், உள்ளே கேட்ட கேள்விகளையெல்லாம் போஹ்தான் இவரிடமும் ஒருமுறை கேட்கட்டும். மழுப்புவார். விடாமல் கேட்கச் சொல், எதேரி.

உன் அக்கா,
லமாரா