நீ கேட்காமல் விட்ட கேள்வி

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் பதினாறாம் நாள் காரியத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், "அப்ஜெக்‌ஷன்!" என்று கத்திவிட்டேன்.

தப்பு என்னுடையது மட்டுமில்லை. உன் பனியன் கம்பெனி மேனேஜர், மைக் இல்லாமலே மைக் பிடித்தவர் போல, "அண்ணன் முப்பது வருசத்துல ஒருத்தர எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க" என்றார். எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. பந்தியே திரும்பிப் பார்த்தது. உன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வெயில்ல வந்தீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். குடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். மாலைக்கு நடுவே படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

எதிர்த்துப் பேசாதவனா நீ? பிளஸ் ஒன் சேர்ந்த மாதமே வக்கீலாவதென்று முடிவு கட்டியவர்கள் நாம். உனக்குக் காரணம் இருந்தது. ஆறு தையல் மெஷின் வைத்துப் பிழைத்த உன் அப்பாவைக் கட்டடச் சொந்தக்காரர் ஒரே நாளில் காலி செய்யச் சொன்னபோது, எதிரே நின்று பேச உங்கள் வீட்டில் ஆளில்லை. என் காரணம் கறுப்புக் கோட்டு.

வக்கீலுக்குக் குரல் முக்கியம் என்று யாரோ சொல்லக் கேட்டு, நல்லூரில் பனியன் துணி பின்னுகிற உன் மாமாவின் நிட்டிங் ஷெட்டைப் பிடித்தோம். எட்டு மெஷின் ஓடுகிற இரைச்சலில் ஆளுக்கொரு சுவரோரம் நின்று வாதாடுவோம். வாய்க்குள் பஞ்சு போகும். திருநெல்வேலிக்கார ஆபரேட்டர்தான் நீதிபதி. "ரெண்டு பேருக்குந் தூக்குதாம்லே. இப்ப வெளிய போங்கலே!" என்பது அவருடைய ஒரே தீர்ப்பு. அந்தப் பயிற்சியின் பலனைப் பிற்பாடு கோர்ட்டில் கண்டேன். முதல் நாளே நீதிபதி, "வக்கீல் சார், எனக்குக் காது நல்லாவே கேட்குது" என்றார்.

குறுக்கு விசாரணையில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற நேரமெல்லாம் "டா" போட்டுப் பேசுகிறவன், விசாரணை என்று வந்துவிட்டால் "ங்க" போடத் தொடங்குவாய். அப்போதே நான் பாதி தோற்றுவிடுவேன். உன் டிபன் பாக்ஸில் முட்டை காணாமல் போன வழக்கு ஞாபகமிருக்கிறதா?

"ஏனுங்க சாட்சி, முட்டையக் கண்ணுலயே பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் மீசைல மஞ்சக்கரு எப்படீங்க வந்துச்சு?"

எனக்கு அப்போது மீசையே முளைக்கவில்லை. ஆனாலும் கை போய்த் துடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது.

"கடைசிக் கேள்வியக் கேக்கறதுக்கு முந்தி ஆளோட மூஞ்சியப் பாக்கோணும்டா" என்பாய். எங்கே படித்தாயோ, நீயே கண்டுபிடித்ததோ.

மார்க்கிலும் நீதான் மேலே. "அவன் வக்கீலாவான், இவன் அவனுக்குக் குமாஸ்தாவாவான்" என்று வகுப்பிலேயே வாத்தியார் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப நாலைந்து நாள்தான் இருந்தது. குன்னத்தூரில் உன் அப்புச்சி, உன் அம்மாவைப் பெற்றவர், தவறிவிட்டார். பஸ் ஏறப்போகிற அவசரத்தில் ஒட்டிய கவரை என் கையில் திணித்து, "நாளைக்கு ரிஜிஸ்டர் பண்ணீருடா" என்றாய். மறுநாள் சனிக்கிழமை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் தியேட்டர். டிக்கெட் வரிசையில் கூட்டமே இல்லை. உள்ளே போய்விட்டேன். வெளியே வந்தபோது தபால் நிலையம் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன். இதை இத்தனை வருஷத்தில் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. உனக்கு வரவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே கேட்டாய்.

"என் கவரப் போட்டயாடா?"

"போட்டேன்டா."

"எத்தன மணிக்குங்க?"

"பதினொன்னு இருக்கும்."

"கூட்டமுங்களா?"

"ஆமா, வெளிய வரைக்கும் நின்னாங்க."

"வாங்குனது ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"பொம்பளை. மூக்குத்தி போட்ட அம்மா."

"ரசீதுங்க?"

"தொலைஞ்சு போச்சு."

இன்னொரு கேள்வி உன் வாயில் இருந்தது. எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தாய். அதற்குள் என் அம்மா தட்டில் லட்டோடு வந்து, "கண்ணு, உனக்கும் கார்டு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா, தபால்ல எங்கயோ போயிருச்சுங்க" என்றாய். லட்டைத் தின்றாய். "செரி உடுடா. இன்டர்வியூக்கு நேரத்துல கெளம்பிப் போ." கடைசி "டா" அதுதான்.

அடுத்த வருஷம் முயற்சி செய்திருக்கலாம். அதற்குள் உன் அப்பா படுத்துவிட்டார், நீ பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கிற செக்கிங் வேலையில் சேர்ந்தாய். பின்னாளில், துணியில் கலர் மாறியிருக்கிறது என்று சரக்கைத் திருப்பப் பார்த்த வெளிநாட்டு வியாபாரிகளையெல்லாம் பணிவாகக் கேள்வி கேட்டே மடக்கினாய் என்று ஊரே பேசியது. நான் வாடகை ஒப்பந்தம் எழுதினேன். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவை. எங்கே பார்த்தாலும், "வாங்க வக்கீல்! போன வாரம் படிச்சேனுங்க, நல்லா இருந்துச்சுங்க" என்பாய். முப்பது வருஷமும் "ங்க"தான். நீ ஒரு தரம் வைதிருந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

என் மனைவி ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், பிரசவத்துக்காக. இங்கே பேச ஆளில்லை. டிவியில் விவாதம் செய்கிறவர்களைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறேன். பதிலே சொல்லாமல் பேசிக்கொண்டே போகிறார்கள். என்னைப் பொய்யன் என்று தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நீ. உன்னிடம் மட்டும்தான் நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வசதியும் போய்விட்டது. மிஞ்சியிருப்பது நீ விழுங்கிய அந்த ஒரு கேள்வி. அதை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். அந்தச் சனிக்கிழமை படம் எதுவும் பார்க்கவில்லை. பதினொரு மணி, கூட்டம், மூக்குத்தி போட்ட அம்மாள் எல்லாம் நிஜம். அவர் வாங்கிப் பதிந்துகொண்டது என் கவரை மட்டும்.