சமையலறைக்கு வந்த ஜெரேனியம்

நவம்பர் 9

அம்மாடி,

நான் சௌக்கியம். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை.

உன் ஜெரேனியம் பூச்செடியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மரநிழலில் இருந்த செடி, இலையெல்லாம் சிவந்து படுத்துவிட்டது. குளிர் வேறு. மனசு கேட்காமல், தோண்டி வாளியில் வைத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். "செடிக்கு ஸ்வெட்டர் தைக்கணுமா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்கிறார். கொழுப்பு. நீயும் என் மகனும் சேர்ந்து நட்டது. அவனைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது விடக்கூடாது.

போன வாரம் போனில் ஏதோ சொல்ல வந்து, "ஒண்ணுமில்ல மாமா" என்று விழுங்கிவிட்டாய். எனக்கு பஸ் ஓட்டிய காது. எங்கே இடிக்கிறது என்று சத்தத்திலேயே தெரியும். எழுது.

உன் மாமா

நவம்பர் 20

அன்புள்ள மாமா,

முதலில் வாளியை வெளியே கொண்டுபோங்கள்! ஜன்னலோரத் தொட்டியில் வைக்கிற ஜெரேனியம்தான் குளிருக்கு நடுங்கும். இது வேறு வகை, பனியிலும் வெளியேதான் கிடக்க வேண்டும். மேலே எல்லாம் காய்ந்தாலும் வேர் உயிரோடு இருக்கும். அதே மரத்தடியில் நட்டு, சருகைத் தூவி விடுங்கள். உள்ளே வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: என்னோடு லேபில் வேலை செய்பவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்ல மனிதர். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சரியென்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் உங்களை மாமா என்று கூப்பிடும் உரிமை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு வருத்தமென்றால் எனக்கு இது வேண்டாம்.

உங்கள் மருமகள்

ஜனவரி 3

மாமா,

போனையும் எடுப்பதில்லை, கடிதமும் இல்லை. தையல்காரரைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கார்மா. தினம் மரத்தடியில போய் நிக்கிறார்" என்றார். திட்டியாவது எழுதுங்கள். கல்யாணம் கேட்டவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் மருமகள்

மார்ச் 15

அம்மாடி,

கோபமாகத்தான் இருந்தேன். உன்மேல் இல்லை; இப்படிப் போய்விட்டானே என் மகன், அவன்மேல். எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. அதற்காக உன்னை இத்தனை நாள் தவிக்க விட்டிருக்கக்கூடாது.

நீ சொன்னபடியே செடியை வெளியே நட்டேன். பனி மூடியதும், செத்தே போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். நேற்றுப் பார்த்தால், சருகைத் தள்ளிக்கொண்டு குட்டிக் குட்டியாக இலைகள்! தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ஒவ்வொரு இலையாக எண்ணினார்.

செடியின் தூரை வேரோடு இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஈரத்துணியில் சுற்றி ஒரு பாதி இத்துடன் வருகிறது. நீங்கள் இருவரும் குடியிருக்கப் போகும் வீட்டில் நிழலான இடமாகப் பார்த்து வை. மறுபாதி இங்கே மரத்தடியில். பாகப்பிரிவினை என்று நினைத்துவிடாதே. முதல் பூ ஓய்ந்ததும் ஒட்ட வெட்டினால்தான் மறுபடி பூக்கும் என்பாயே, அதை வெட்ட எனக்குக் கை வராது. வருஷா வருஷம் நீதான் வந்து வெட்ட வேண்டும்.

அவரிடம் சரியென்று சொல். பூ ஓய்ந்ததும் கூட்டிக்கொண்டு வா. நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், முன்கூட்டியே சொல்லி வை.

எப்போதும்போல,
உன் மாமா